இன்னும் கொஞ்ச தூரம்தான்!

சித்திரை மாதம். பகல் 12 மணி.

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆறு வறண்டு கிடக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் கோடை முழுவதும் இப்படித்தான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மணல். மணலுக்கு மேலே கானல் ஆடுகிறது. ஆற்றுக்குள்ளே கபிலர் குன்று நிற்கிறது. பாரியின் நண்பரான புலவர் கபிலர் உயிர் விட்ட இடம் என்று ஊரார் காட்டும் பாறை அது. கரையில் நின்று பார்த்தால், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும்.

வெளியூரிலிருந்து கோவிலுக்கு வந்த ஒரு குடும்பம் மணலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செருப்பு கோவில் வாசலில் இருக்கிறது. "இதோ இருக்கிறது, போய் வந்துவிடலாம்" என்கிறார் தகப்பனார்.

பத்து அடி போகிறார்கள். கால் சுடுகிறது. இருபது அடி. பொறுக்க முடியவில்லை. ஓடுகிறார்கள். பாதி வழியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. முன்னே போவதா, பின்னே வருவதா? இரண்டும் ஒரே தூரம். தகப்பனார் தோள் துண்டை எடுத்து மணலில் போட்டு, அதன் மேல் குழந்தையை நிறுத்துகிறார். தாயார் புடவைத் தலைப்பைத் தேடுகிறாள்.

கரையில் நிற்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கொஞ்ச தூரம் என்பதால் கால் கொப்பளத்தோடு போயிற்று. இதே தவறை 5 மைலில் செய்தால்?

பாட்டியும் பேத்தியும்

ராஜஸ்தான் மாநிலத்தில் ஜாலோர் மாவட்டம் இருக்கிறது. பாலைவனப் பகுதி. 2021-ம் ஆண்டு ஜூன் மாதம். கொரோனா ஊரடங்குக் காலம். பஸ் இல்லை.

ஒரு பாட்டி, தன் 5 வயதுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் புறப்பட்டார். நடைதான். அங்கே அப்போது வெயில் 45 டிகிரி அளவில் காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் கையில் தண்ணீர் இல்லை.

வழியில் இருவரும் விழுந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வந்தவர்கள் கண்டு தகவல் கொடுத்தார்கள். போலீசார் ஓடி வந்தார்கள். பாட்டிக்கு உயிர் இருந்தது. வாயில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். குழந்தை இறந்து கிடந்தது. உடலில் நீர் வற்றியதே காரணம் என்று பரிசோதனை செய்த டாக்டர்கள் கூறினார்கள்.

அந்தப் பாட்டி அந்தப் பாலைவனப் பகுதியைச் சேர்ந்தவர். வெயில் அவருக்குப் புதிது அல்ல. ஆனாலும் இது நடந்தது. "பழகிய வெயில்தானே" என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியை மறக்கக் கூடாது.

அவர் மீது குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது. பஸ் இல்லாத நாளில் ஓர் ஏழை வேறு என்ன செய்வார்? ஆனால் காரில் போய் இறங்கி, பொழுதுபோக்குக்காக மலை ஏறுகிறவர்களுக்கும், வேடிக்கை பார்க்க வெயிலில் நிற்கிறவர்களுக்கும் அந்த சமாதானம் கிடையாது.

உடம்பு என்ன செய்கிறது?

மனித உடம்பின் சூடு 37 டிகிரி. பழைய கணக்கில் 98.6. குளிர் நாட்டில் இருப்பவனுக்கும் அதுதான், பாலைவனத்தில் இருப்பவனுக்கும் அதுதான். இந்த அளவு ஏறாமல் உடம்பு காத்துக்கொள்கிறது. அதற்கு அது வைத்திருக்கும் முக்கியமான ஆயுதம் வியர்வை.

மண் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் மேல் நீர் கசிகிறது. அது காற்றில் ஆவியாகப் போகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் குளிர்கிறது. வியர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கடும் வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். மலை ஏறினால் அதற்கு மேலும் போகும். போகும் தண்ணீரோடு உப்பும் போகிறது. பானையில் தண்ணீர் தீர்ந்தால் கசிவது எப்படி? இரத்தம் கெட்டியாகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. தலை வலிக்கிறது. கால் பின்னுகிறது. வாந்தி வருகிறது. காலிலும் வயிற்றிலும் தசை இழுத்துப் பிடிக்கிறது.

இந்த நிலையில் நிழலில் உட்கார்ந்து, உப்புப் போட்ட மோர் குடித்தால் பிழைத்துக்கொள்ளலாம். நடையைத் தொடர்ந்தால் உடம்பின் சூடு 40 டிகிரிக்கு மேலே போகிறது. அப்போது மூளை குழம்புகிறது. டாக்டர்கள் இதை வெப்ப அதிர்ச்சி என்கிறார்கள்.

இந்தக் குழப்பம்தான் மிகவும் பயங்கரமானது. கால் உடைந்தவனுக்குக் கால் உடைந்தது தெரியும். மூளை குழம்பியவனுக்கு அது குழம்பியது தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை, நடக்கலாம்" என்பான். நிழலை விட்டு வெயிலுக்குப் போவான். வழியை விட்டுக் காட்டுக்குள் போவான். கூட வந்தவர்கள் கண்டுகொண்டால்தான் உண்டு. தனியாக வந்திருந்தால் முடிந்தது கதை.

வானொலி சொல்லும் டிகிரி

"இன்று வெயில் 40 டிகிரி" என்று வானொலியில் சொல்கிறார்கள். அது எந்த இடத்து வெயில்? தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள்ளே, நிழலில் வைத்த கருவி காட்டும் கணக்கு அது. வெயிலில் நடப்பவனுக்கு மேலே சூரியன், கீழே பாறை. இரண்டும் சேர்ந்து வாட்டுகின்றன. மணலும் பாறையும் தார் ரோடும் காற்றைவிட மிகவும் அதிகமாகக் கொதிக்கும். ஆகவே 40 என்று கேட்டால், நடப்பவன் அதைவிடக் கூடுதலாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சையே வானிலைத் துறையார் எடுப்பார்கள். மலைப் பகுதிக்கு அந்த அளவு 30 டிகிரி. மலை என்றால் குளுமை என்று நினைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாலைவனக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

உலகத்திலேயே பெரிய வெயில் அடித்த இடம் என்று கணக்கில் இருப்பது அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு. பெயரே அதுதான். 1913-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அங்கே 56.7 டிகிரி பதிவாயிற்று.

1996-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்தப் பள்ளத்தாக்குக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் சுற்றுலா வந்தது. 4 பேர். அவர்களில் இருவர் குழந்தைகள். வாடகை வண்டியில் ஒதுக்குப்புறமான பாதையில் போனார்கள். திரும்பி வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு டயர் போன நிலையில் வண்டி மட்டும் அகப்பட்டது. பெரியவர்களின் எலும்புகள் 13 ஆண்டுகள் கழித்து, 2009-ல்தான் கிடைத்தன. வண்டி நின்ற இடத்திலிருந்து அவர்கள் பல மைல் நடந்திருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் இப்படி. அங்கேயே வாழ்கிறவர்கள் எப்படி?

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களில் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12½ மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. குவைத்தில் கோடை மாதங்களில் 11 மணியிலிருந்து 4 மணி வரை தடை. பாலைவனத்திலேயே பிறந்து, பாலைவனத்தை ஆள்கிறவர்கள் பகலில் வெளியே போகாதே என்கிறார்கள். நம் ஊரில் பகல் 11 மணிக்கு மலையடிவாரத்தில் வந்து இறங்கி, "எந்தப் பக்கம் ஏற வேண்டும்?" என்று விசாரிக்கிறார்கள்!

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் மெக்காவில் ஹஜ் யாத்திரை நடந்தபோது வெயில் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 யாத்திரிகர்கள் இறந்ததாக சவுதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். ஆகவே அவர்களுக்குக் குளிர்ச்சியான கூடாரம் இல்லை, பஸ் இல்லை. நேர் வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். வெயில் எல்லாருக்கும் ஒரே வெயில்தான். ஏற்பாடு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள்.

கோவலன் கேட்டது

பாலை என்ற சொல் தமிழனுக்குப் புதிது அல்ல. நம் நாட்டில் பெரிய மணல் பாலைவனம் கிடையாது. ஆனாலும் முன்னோர்கள் ஐந்து நிலங்களில் ஒன்றாகப் பாலையை வைத்தார்கள். எப்படி? காடும் மலையும் கடும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை ஆகிவிடும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். மழைக் காலத்தில் பச்சையாக இருந்த அதே மலைதான். சித்திரையில் அது பாலை.

அதே சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரைக்கு நடந்து போகிறார்கள். வெயில் தாங்காமல், கால் நோக, ஐயை கோவிலில் தங்குகிறார்கள். பிறகு கோவலன் கவுந்தியடிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறான். கண்ணகியால் வெயிலில் நடக்க முடியாது. இரவில் நடப்போம் என்கிறான். அடிகள் சம்மதிக்கிறார். நிலவு வெளிச்சத்தில் வழி நடக்கிறார்கள்.

கோவலன் வாழ்க்கையில் எத்தனையோ தவறு செய்தவன். அந்த ஒரு விஷயத்தில் அவன் செய்தது சரி.

"எங்கள் தாத்தா வெயிலில்தான் உழைத்தார். அவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. தாத்தா எத்தனை மணிக்கு ஏர் பூட்டினார் என்று பாட்டியைக் கேட்க வேண்டும். கோழி கூவுமுன் வயலில் இருப்பார். வெயில் ஏறும்போது மாட்டை அவிழ்த்துவிடுவார். கேழ்வரகுக் கூழில் உப்பும் மோரும் கரைத்துக் குடித்துவிட்டு, புங்க மரத்து நிழலில் துண்டை விரித்துப் படுப்பார். சாயங்காலம் மறுபடி இறங்குவார். அவர் உழைத்தது வெயில் நாட்டில். உச்சி வெயிலில் அல்ல. அவர் உடம்பு ஆண்டு முழுவதும் பழகிய உடம்பு. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள் டாக்டர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவில் அது பழகாது.

கல்வராயன் மலையில்

திருக்கோவிலூருக்கு மேற்கே கல்வராயன் மலை. சங்கராபுரம் போய், கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மலை ரோடு ஏறுகிறது. மேலே வெள்ளிமலை, கரியாலூர். பெரியார் அருவி, மேகம் அருவி என்று அருவிகள். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் மோட்டார் சைக்கிளும் வேனும் வரிசையாக ஏறுகின்றன. வரட்டும். நல்ல மலை. குழந்தைகள் பார்க்க வேண்டிய மலை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அருவி எங்கே இருக்கும்? பள்ளத்தில் இருக்கும். ரோட்டோரமாக இருக்கும் அருவியானால் கவலையில்லை. காட்டுப் பாதையில் இறங்கிப் போக வேண்டிய அருவியானால், போகும்போது இறக்கம். கால் தானாக ஓடுகிறது. காலை வேளை, தெம்பு இருக்கிறது, பையில் தண்ணீர் இருக்கிறது. "இவ்வளவுதானா?" என்று தோன்றுகிறது. திரும்பும்போது ஏற்றம். அப்போது மணி 12 ஆகியிருக்கும். தெம்பு போயிருக்கும். தண்ணீர் தீர்ந்திருக்கும். வந்த வழி இப்போது இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும்.

சாதாரண மலையில் ஏற்றம் முதலில் வரும். முடியாதவன் பாதியில் திரும்பிவிடுவான். பள்ளத்துக்கு இறங்கும் பாதை அப்படி அல்ல. இறங்கியவன் ஏறித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் என்ற பிரம்மாண்டமான பள்ளத்தாக்கு இருக்கிறது. கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உள்ளே நடக்காதீர்கள் என்று அங்கே காவலர்கள் ஒவ்வொரு ஆண்டும் எச்சரிக்கிறார்கள். இறங்கியவர்கள் ஏற முடியாமல் விழுவதைப் பார்த்துப் பார்த்து வந்த எச்சரிக்கை அது.

கோடையில் அருவியும் ஏமாற்றும். நூலாக மெலிந்திருக்கும், இல்லாவிட்டால் வெறும் பாறையாக இருக்கும். அங்கே போய்த் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று பாட்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் புத்திசாலிகள் அல்ல. இலை உதிர்ந்த காட்டில் நிழலும் கிடையாது. காய்ந்த புல்லில் தீ பிடித்தால் ஓடக் கூட வழி இருக்காது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கோடையில் வனத் துறையார் பாதையை மூடினால், அவர்கள் நம் சந்தோஷத்தைக் கெடுப்பதாக நினைக்கக் கூடாது.

மலைவாசிகள் சந்தைக்கு எப்போது இறங்குகிறார்கள் என்று பாருங்கள். விடியற்காலையில். அவர்களுக்குத் தெரியாத வழியா? அவர்களுக்கு இல்லாத கால் பலமா? அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

எவ்வளவு தண்ணீர்?

நாலு பேர் போகிறார்கள். கையில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று. மற்றபடி கலர், சிப்ஸ், செல்போன். பல குழுக்களின் லட்சணம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது வேண்டும். போக 2 மணி, வர 2 மணி என்றால் தலைக்கு 3 லிட்டர். நாலு பேருக்கு 12 லிட்டர். அதன் எடை 12 கிலோ. "அவ்வளவு யார் சுமப்பது?" என்று கேட்கலாம். சுமக்க முடியாவிட்டால் அந்த நேரத்தில் அந்தத் தூரம் போகக் கூடாது என்றுதான் அர்த்தம். காலை 5½ மணிக்குப் புறப்பட்டு 9 மணிக்குத் திரும்பிவிடுவதாக இருந்தால் சுமையும் குறையும்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. தாகம் எடுப்பதற்குள் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. கால் மணிக்கு ஒரு தரம் நாலு வாய் குடிப்பது நல்லது. வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தாலும் ஆபத்துதான். இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். மோரில் உப்புப் போட்டுக் கொண்டுபோகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொடி நல்லது. வீட்டிலும் தயாரிக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. அளவு மாறக் கூடாது. மதுபானம் வேண்டவே வேண்டாம். அது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும்.

இன்னொரு கணக்கு உண்டு. இதுதான் முக்கியம். சமமான பாதையில் போனால், கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் திரும்ப வேண்டும். பள்ளத்துக்கு இறங்கும் பாதையானால் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்ப வேண்டும். அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. சத்தம் காதில் கேட்டாலும் சரி. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஒருவர் சொல்லுவார். குழுவில் அப்படிச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். "போதும், திரும்பலாம்" என்று சொல்லவும் ஒருவர் வேண்டும். புறப்படும் முன்பே அவர் யார் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பெரும்பாலும் வீட்டிலே அம்மாதான் அதற்குத் தகுந்தவர்.

சிறு குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். அவர்களுக்குச் சொல்லவும் தெரியாது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், இருதய நோய்க்காரர்கள், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரை உச்சி வெயிலில் நடக்க விடக் கூடாது. குடை பிடிக்க வெட்கப்படும் வாலிபர்கள் தலையில் ஈரத் துண்டாவது போட்டுக்கொள்ளலாம். உடுப்பு வெளுப்பாகவும் தளர்வாகவும் பருத்தியாகவும் இருக்கட்டும்.

அரசாங்கமும் ஊராரும்

எல்லாவற்றையும் நடப்பவன் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி சென்னை மெரினா கடற்கரையில் விமானப் படையினரின் சாகச நிகழ்ச்சி நடந்தது. பகல் 11 மணியிலிருந்து 1 மணி வரை. லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். நிகழ்ச்சி முடிந்து, நெரிசலில் பஸ்ஸும் ரயிலும் கிடைக்காமல் நெடுந்தூரம் நடந்தார்கள். 5 பேர் உயிர் இழந்தார்கள். அது கோடை கூட அல்ல. ஐப்பசி பிறக்கும் முன். காட்டுக்குள்ளும் அல்ல, தலைநகரத்தின் நடுவே. நேரம், நிழல், தண்ணீர் மூன்றும் தப்பினால் கடற்கரையும் பாலைதான்.

அதே அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித் தொகை என்றும் சொன்னது. நல்ல காரியம். புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிர் வாங்கும் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஜனங்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் விழுந்து இறந்தவரைப் பார்த்து, "நெஞ்சு அடைத்துவிட்டது, விதி முடிந்துவிட்டது" என்று சொல்லித் தூக்கிவிடுகிறோம்.

இறந்த பிறகு கொடுக்கும் 4 லட்சத்தைவிட, இறக்காமல் இருக்க ஒரு தண்ணீர்த் தொட்டி மலிவு. கல்வராயன் மலையில் ஜனங்கள் காட்டுப் பாதைக்கு இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் குடிதண்ணீர் வேண்டும். தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும். அதில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டால் போதாது. இறங்க எவ்வளவு நேரம், ஏற எவ்வளவு நேரம், தலைக்கு எத்தனை லிட்டர் என்று எழுத வேண்டும். சித்திரை, வைகாசியில் பகல் 11 மணிக்கு மேல் யாரையும் இறங்க விடாமல் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

கோவில் ஊர்களிலும் அப்படித்தான். திருக்கோவிலூரிலிருந்து திருவண்ணாமலை அதிக தூரம் இல்லை. சித்ரா பவுர்ணமிக்கு லட்சோப லட்சம் பேர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். இரவில் நடப்பவர்களுக்குக் கவலையில்லை. கூட்டத்துக்குப் பயந்து பகலில் சுற்றுகிறவர்களும், கொதிக்கும் ரோட்டில் வெறுங்காலுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணாமலையார் இரவிலும் அங்கேயேதான் இருப்பார்.

தண்ணீர்ப் பந்தல்களை நன்கொடையாளர்கள் பெரிய பேனர் கட்டித் திறக்கிறார்கள். திறக்கும் நாளில் இளநீர், மோர், தர்பூசணி. நாலாம் நாள் பானை காலி. பேனர் மட்டும் நிற்கும். அக்கினி நட்சத்திரம் முடிகிற வரை பானையை நிரப்ப ஓர் ஆளை நியமித்தால், பேனர் சிறியதாக இருந்தாலும் பெயர் நிற்கும்.

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு ஒரு கதை நன்றாகத் தெரியும். முதல் ஆழ்வார்கள் மூவரும் இந்த ஊரில்தான் சந்தித்தார்கள். இருட்டு வேளை, நல்ல மழை. ஒரு வீட்டு இடைகழியில் ஒருவர் ஒதுங்கிப் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். வந்தவரை இடமில்லை என்று யாரும் அனுப்பவில்லை. மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த ஊர் வெயிலுக்கும் கொடுக்கலாம். பகல் நேரத்தில் திண்ணையும் கல்யாண மண்டபமும் பள்ளிக்கூட வராந்தாவும் சும்மாதானே கிடக்கின்றன?

விழுந்துவிட்டால்

வெயிலில் ஒருவர் தள்ளாடினால், உளறினால், விழுந்தால் கூட்டம் கூடி நிற்கக் கூடாது. உடனே நிழலுக்குத் தூக்க வேண்டும். சட்டையைத் தளர்த்த வேண்டும். உடம்பு முழுவதும் தண்ணீர் தெளித்து விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத் துணி வைக்க வேண்டும்; ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி வைக்கலாம். நினைவு தெளிவாக இருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். சோடா, சூடான காபி, மாத்திரை எதுவும் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

108-க்குப் போன் செய்ய வேண்டும். கல்வராயன் மலையில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. சில இடங்களுக்கு ஆம்புலன்ஸ் வர ரோடும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் விழுந்தவரைப் பக்கத்துக் கிராமத்தார்தான் தூளி கட்டி ரோடு வரை சுமந்து வர வேண்டும். ஆகவே ஒருவர் ஆள் கூப்பிட ஓட வேண்டும். மற்றவர்கள் விழுந்தவர் பக்கத்திலேயே இருந்து உடம்பைக் குளிர வைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பிழைக்க வழி உண்டு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், வண்டி வந்து ஏற்றும் வரையிலும், ஏற்றிய பிறகும், ஈரத் துணியையும் விசிறியையும் கீழே வைக்கக் கூடாது.